ஒரு கிராமம், பாதி அடுப்பு: யாருக்கு எழுதி வைக்கலாம்?

1099 ஜூலையில் ஜெருசலேம் சிலுவைப்போர்ப் படையின் கைக்கு வந்தது. நகரின் முதல் ஆட்சியாளராக உட்கார்ந்த காட்ஃப்ரி ஒரு வருஷம்தான் இருந்தார். 1100 ஜூலையில் இறந்துபோனார். அந்த ஒரு வருஷத்துக்குள் புனித யோவான் மருத்துவமனைக்கு அவர் கொடுத்தவற்றில் ஹெஸ்ஸிலியா என்ற கிராமமும், நகருக்குள் இருந்த இரண்டு ரொட்டி அடுப்புகளும் உண்டு. முதல் தடவை இதைப் படித்தபோது கிராமத்துக்குப் பக்கத்தில் அடுப்பு எதற்கு என்று சிரிப்பு வந்தது. இதெல்லாம் ஒரு தானமா?

அப்புறம்தான் புரிந்தது. அடுப்பு என்றால் ஊர்ப் பொது அடுப்பு. வீட்டில் மாவைப் பிசைந்து எடுத்து வந்து, கட்டணம் கொடுத்துச் சுட்டுக்கொண்டு போக வேண்டும். மழை பொய்த்தால் கிராமம் ஒன்றும் தராது. எல்லைக்கு அப்பாலிருந்து குதிரைப்படை வந்து களத்துமேட்டைக் கொளுத்தினாலும் தராது. ஆனால் ரொட்டி தின்னாமல் ஒரு நகரம் ஒரு நாள்கூட இருக்காது. கொடுத்தவர் விவரமான ஆள்தான்.

அந்தக் காலத்துப் பட்டயங்களைப் படிக்கப் படிக்க எனக்குத் தோன்றுவது இதுதான்: சொத்தை மடத்துக்கு எழுதி வைத்தவர்கள் பக்தியால் செய்தார்கள் என்பது உண்மை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு செய்யவில்லை. எந்த மடம், என்ன சொத்து, என்ன நிபந்தனை என்று கணக்குப் பார்த்துத்தான் செய்தார்கள். அந்தக் கணக்கை நாமும் ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்.

கற்பனையாக ஒரு ஆளை வைத்துக்கொள்வோம். வருஷம் 1172. ஜெருசலேமுக்கு மேற்கே மலைப்பாங்கான இடத்தில் ஒரு கிராமம் அவர் கையில் இருக்கிறது. மன்னருக்குப் போர்ச் சேவை செய்வதற்காகக் கிடைத்த மானியம். நகருக்குள் ஒரு அடுப்பில் பாதிப் பங்கு. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மனைவி, ஒரு மகன், கல்யாணமாகாத ஒரு மகள். தன் ஆன்மாவுக்காக எதையாவது எழுதி வைத்துவிட்டுத்தான் சாக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். யாருக்கு?

யாருக்கு என்பதற்கு முன்னால் எப்படி என்பதைப் பார்த்துவிடலாம். கிராமம் மன்னர் கொடுத்த மானியம் என்பதால், அவர் சம்மதம் இல்லாமல் அதை மடத்துக்கு மாற்ற முடியாது. பிற்காலத்தில் எழுதிவைக்கப்பட்ட ஜெருசலேம் சட்டத் தொகுப்புகளிலும் போர் மானியத்தைத் தேவாலயத்துக்கோ துறவற மடத்துக்கோ கைமாற்றுவதற்குத் தடை இருக்கிறது. காரணம் சிக்கலானதல்ல. மனிதன் சாவான், வாரிசு இல்லாவிட்டால் நிலம் மேலே இருப்பவருக்குத் திரும்பும். வாரிசுப் பெண் இருந்தால் அவளுடைய கல்யாணத்தில் மன்னருக்கு ஒரு பேச்சு உண்டு. மடத்துக்குச் சாவும் கிடையாது, கல்யாணமும் கிடையாது. ஒரு தடவை போனது போனதுதான். ஐரோப்பியச் சட்டத்தில் இந்த நிலைக்குச் 'செத்த கை' என்றே பெயர்.

மன்னரின் உறுதிப் பட்டயத்தோடு மனைவி, மக்களின் ஒப்புதலும் பட்டயத்திலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பத்து வருஷம் கழித்து மருமகன் ஒருவன் வந்து வழக்குப் போடுவான். மகன் முகத்தைச் சுளித்தால் கையில் கொஞ்சம் காசு வைத்து ஒப்புக்கொள்ள வைப்பதும் நடந்ததுதான்.

கைமாற்றும் விதங்களும் பல. முழுத் தானம் ஒன்று. சாகும்வரை அனுபவம் எனக்கு, அதன் பிறகு மடத்துக்கு என்பது இன்னொன்று. பண்டமாற்றும் உண்டு: 1138இல் அரசி மெலிசெண்டே பெத்தானியாவில் கன்னியர் மடம் கட்ட நினைத்தபோது அந்த இடம் திருக்கல்லறைத் தேவாலயத்தின் குருக்களிடம் இருந்தது. தெக்கோவா கிராமத்தை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு பெத்தானியாவை வாங்கிக்கொண்டார். விற்பனையும் உண்டு, அதுவும் பெரும்பாலும் கழுத்தில் கத்தி இருக்கும்போது. ஜான் கோத்மன் என்ற வீரர் 1157இல் முஸ்லிம் படையிடம் சிறைப்பட்டார். அவரை மீட்கப் பணம் தேடி, பெய்த் இதாப் உள்ளிட்ட கிராமங்கள் 1161இல் திருக்கல்லறைக்கு விற்கப்பட்டன. ஆண்டுதோறும் தொகை வாங்கிக்கொண்டு சொத்தைக் கொடுப்பது கடைசி வகை. மர்காப் கோட்டையை வைத்திருந்த பெர்த்ரான் மசுவார் 1186இல் அதைச் செய்தார்: செலவு தாங்க முடியாமல் கோட்டையை மருத்துவமனைச் சகோதரர்களிடம் (புனித யோவான் மருத்துவமனையை நடத்திய துறவற அமைப்பு) ஒப்படைத்துவிட்டு, வருஷத்துக்கு 2200 பெஸன்ட் பொற்காசு என்று பேசிக்கொண்டார். ஒரு குதிரை வீரருக்கான பணமானியம் வருஷத்துக்கு 400, 500 பெஸன்ட் அளவில் இருந்த காலம் அது.

சரி, இப்போது மடங்கள்.

திருக்கல்லறைத் தேவாலயம் முதலில் நினைவுக்கு வருவது இயல்பு. இயேசுவின் கல்லறை இருக்கும் இடம். அதைவிடப் பெரிய முகவரி கிறிஸ்தவ உலகத்தில் கிடையாது. காட்ஃப்ரி கொடுத்த 21 கிராமங்களை, அவருக்கு அடுத்து மன்னரான முதலாம் பால்ட்வின் 1114இல் உறுதி செய்து கொடுத்தார். குருக்கள் அகுஸ்தீன் ஒழுங்கை ஏற்று ஒரே கூட்டாக வாழத் தொடங்கியதும் அதே வருஷம்தான். ஆனால் இவர்களைப் பற்றி எனக்குப் பிடித்த விஷயம் கல்லறை அல்ல. இவர்கள் நிலத்தை நடத்திய விதம்.

ஜெருசலேமுக்கு வடக்கே பதினைந்து, பதினாறு கிலோமீட்டரில் அல்-பிரா. பிராங்குகள், அதாவது அங்கே வந்து குடியேறிய மேற்கு ஐரோப்பியர்கள், அதை மகுமேரியா என்றார்கள். திருக்கல்லறைக் குருக்கள் அங்கே மேற்கு ஐரோப்பியக் குடிகளைக் கொண்டுவந்து ஒரு புது ஊரையே எழுப்பினார்கள். தெரு, தேவாலயம், ஒரு கோபுரம். 1156ஐ ஒட்டிய ஒரு பட்டியலில் அங்கே குடியிருந்து விசுவாசப் பிரமாணம் செய்த 90க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் இருக்கின்றன. பெயரோடு ஒட்டி ஊரும் தொழிலும்: பர்கண்டியிலிருந்து வந்தவர், லொம்பார்டியிலிருந்து வந்தவர், கட்டலோனியர், தச்சர், கொல்லர், தோட்டக்காரர். தரிசில் திராட்சையும் ஒலிவமும் வைக்கச் சொல்லி, விளைச்சலில் பங்கு வாங்கினார்கள். நிலத்தை வாங்கிப் போட்டுவிட்டுத் தூங்குகிற மடம் இல்லை இது.

ஆனால் அந்தக் குடிகளுக்கு நடந்ததையும் பார்க்க வேண்டும். தேவாலயங்கள் சும்மா வரியில்லாமல் இருந்துவிடவில்லை. ஆபத்துக் காலத்தில் மன்னருக்குக் காலாள் வீரர்கள் அனுப்ப வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் இபெலின் ஜான் என்ற பிரபு எழுதிவைத்த பட்டியலில் திருக்கல்லறைக் குருக்கள் பெயருக்கு நேரே 500 பேர் என்று இருக்கிறது. 1170 டிசம்பரில் எகிப்தைக் கையில் வைத்திருந்த சலாவுதீன் நாட்டின் தெற்கே படையோடு வந்தபோது மகுமேரியாவிலிருந்து 65 இளைஞர்கள் மன்னரின் படையில் சேரப் புறப்பட்டு, இராத் தங்க காசாவுக்குள் போனார்கள். லேசான ஆயுதம்தான் கையில். மறுநாள் காசா தாக்கப்பட்டது. ஊருக்குள் டெம்ப்ளர்கள் என்ற போர்த் துறவிகளின் கோட்டை ஒன்று. அதற்குள் குடிகளை விடக்கூடாது என்று மைல்ஸ் டி பிளான்சி என்ற பிரபு தடுத்துவிட்டார். வெளிவாசலைக் காக்க நின்ற அந்த 65 பேரைப் பின்னாலிருந்து வந்து எதிரிகள் சூழ்ந்துகொண்டார்கள். டைர் நகரப் பேராயர் வில்லியம் தன் வரலாற்று நூலில் இதைச் சொல்கிறார். நம் ஆள் யோசிக்கும் 1172இல் இது ஊரெல்லாம் தெரிந்த கதை, ஆறாத புண்.

இந்தக் கதையில் கோட்டைக்காரர்களாக வரும் டெம்ப்ளர்கள்தான் இரண்டாவது வாய்ப்பு. 1120ஐ ஒட்டித் தொடங்கிய அமைப்பு. இரண்டாம் பால்ட்வின் அல்-அக்சா பள்ளிவாசல் வளாகத்தில், அதாவது அப்போதைய அரண்மனையில், இடம் கொடுத்தார். 1139இல் போப்பின் சாசனம் வந்ததும் ஆயர்களின் அதிகாரத்திலிருந்து வெளியே வந்துவிட்டார்கள். எல்லையில் கோட்டை வைத்திருக்கிற பிரபுவுக்கு இவர்கள் சரியான ஆட்கள். 1166இல் யோர்தானுக்கு அப்பால் ஆண்ட பிலிப் டி மில்லி, அம்மானைக் கொடுத்துவிட்டுத் தானே டெம்ப்ளராகச் சேர்ந்தார். மூன்று வருஷத்தில் தலைவரும் ஆகிவிட்டார். நம் ஆளிடம் கோட்டை கிடையாது, எல்லையும் தூரம். அவருடைய கிராமத்து வருமானம் குதிரைத் தீவனத்திலும் சம்பளத்திலும் கரைந்து போகும். நாட்டைக் காக்க அதுவும் வேண்டும்தான். ஆனால் அதற்கு அவர் ஏற்கெனவே முப்பது வருஷமாகக் குதிரை ஏறிக்கொண்டிருக்கிறாரே.

மருத்துவமனைக்கு வருவோம். இங்கேதான் முடிவு கஷ்டமாகிறது. ஒரே கூரைக்குள் இரண்டு அமைப்பு இருக்கிறது.

ஒரு பக்கம் நோயாளிக் கூடம். திருக்கல்லறைக்குத் தெற்கே, நடந்து போகிற தூரத்தில். 1160களில் வந்த யாத்திரிகர் ஒருவர் 2000 நோயாளிகள் வரை இருந்ததாக எழுதினார். இன்னொருவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டில்களைப் பார்த்ததாகச் சொல்கிறார். இவ்வளவு பேருக்கும் தினமும் சோறு போட வேண்டும், அதாவது ரொட்டி. 1182 விதிகளில் இருக்கும் விவரங்களைப் படித்தால் யாரோ உண்மையிலேயே கட்டில் பக்கத்தில் நின்று யோசித்து எழுதியது தெரியும்: ஒவ்வொருவருக்கும் போதுமான நீள அகலத்தில் படுக்கை, தனிப் போர்வை, விரிப்பு, இரவில் கழிப்பிடம் போய் வர ஆட்டுத்தோல் மேலங்கி, காலுக்குச் செருப்பு, தலைக்குக் கம்பளிக் குல்லாய். யாத்திரையில் வந்த இடத்தில் பிள்ளை பெற்ற தாய்மாருடைய குழந்தைகளுக்குத் தனித் தொட்டில், தாய் புரண்டு படுத்தால் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்பதற்காக. நான்கு மருத்துவர்கள்.

மறுபக்கம் கோட்டைகள். 1136இல் மன்னர் ஃபுல்க் காலத்தில் பெய்த் ஜிப்ரின் கோட்டை கைக்கு வந்தது. 1140களின் தொடக்கத்தில் திரிப்போலி கோமகன் இரண்டாம் ரேமண்ட், கிராக் கோட்டையையும் சுற்றுவட்டாரத்தையும் கொடுத்தார். இவர்களைக் கேட்காமல் முஸ்லிம் ஆட்சியாளர்களோடு போர்நிறுத்தம் செய்ய மாட்டேன் என்றுகூட எழுதிக் கொடுத்தார். 1168இல் பெல்வார் நிலத்தை ஐவோ வெலோஸ் என்பவரிடம் 1400 பெஸன்டுக்கு வாங்கினார்கள். அதே வருஷம் தலைவர் கில்பெர்ட் அசாயி, மன்னர் அமல்ரிக்கோடு எகிப்துப் படையெடுப்பில் மொத்தப் பணத்தையும் இறக்கினார். தோல்வி. அவர் பதவியை விட்டுப் போனபோது மருத்துவமனை ஒரு லட்சம் பொற்காசுக்கு மேல் கடனில் இருந்தது. நம் ஆளின் கிராமத்து விளைச்சல் பங்கு அந்தப் படுக்கை விரிப்புக்குப் போகுமா, கடன்காரனுக்குப் போகுமா? நியாயமான சந்தேகம்.

இன்னொரு தொந்தரவும் உண்டு. நிலம் மருத்துவமனைக்குப் போனால் அந்த ஊரின் பத்தில் ஒரு பங்கு காணிக்கை உள்ளூர் ஆயருக்கு வராது. போப்பின் விலக்கு இருக்கிறது. இதை வைத்து 1150களில் ஜெருசலேமின் பிதாப்பிதா (நாட்டின் தலைமை ஆயர்) ஃபுல்ச்சருக்கும் மருத்துவமனைக்கும் மூண்ட சண்டை சாதாரணமானதல்ல. அவர் திருக்கல்லறையில் பிரசங்கம் செய்ய எழுந்தால் பக்கத்திலிருந்து இவர்கள் எல்லா மணிகளையும் அடிப்பார்களாம், ஒரு வார்த்தை யார் காதிலும் விழாது. தேவாலயத்துக்குள் அம்பும் பாய்ந்ததாக வில்லியம் எழுதுகிறார். (வில்லியமுக்கு மருத்துவமனைக்காரர்களைக் கண்டாலே ஆகாது. அவரும் பேராயர்தானே, காணிக்கை நஷ்டம் அவருக்கும் உண்டு. கொஞ்சம் கழித்துக்கொண்டு படிக்கலாம்.) வயதான ஃபுல்ச்சர் 1155இல் கடல் தாண்டிப் போய்ப் போப்பிடம் முறையிட்டும் ஒன்றும் நடக்கவில்லை. ஆக, நம் ஆள் மருத்துவமனைக்குக் கொடுத்தால் ஊர் ஆயரின் கோபத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார்.

யோசபாத்து பள்ளத்தாக்கில் அன்னை மரியாளின் கல்லறை மேல் இருக்கும் பெனடிக்ட் துறவிகளின் மடம் அமைதியானது. அரசி மெலிசெண்டேயே அங்கேதான் அடக்கமானார். நித்திய ஜெபம், நல்ல இடத்தில் கல்லறை என்று ஆசைப்படுபவருக்கு ஏற்ற இடம். சிசிலியிலும் கலாப்ரியாவிலும் இவர்களுக்கு நிலம் இருந்தது. அது பின்னால் எவ்வளவு முக்கியமாகும் என்று 1172இல் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

பெத்தானியா மகளுக்காக. மெலிசெண்டேயின் தங்கை யோவெட்டா அங்கே தலைவியாக இருந்தவர், அதனால் பெரிய இடம். எரிகோவின் வருமானம் முழுக்க இந்த மடத்துக்கு. அந்த எரிகோவுக்கு ஒரு பழைய கதை உண்டு: அது முன்பு தேவாலயச் சொத்து. பிதாப்பிதா அர்னுல்ஃப், தன் உறவுப் பெண் எம்மாவை யூஸ்டஸ் கிரெனியே என்ற பிரபுவுக்குக் கட்டிக் கொடுத்தபோது எரிகோவையே சீதனமாகக் கொடுத்துவிட்டார். வருஷத்துக்கு 5000 பொற்காசு வரும் இடம் என்று வில்லியம் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறார். செத்த கையும் சில சமயம் திறக்கும், ஆள் பெரிய ஆளாக இருந்தால். மகள் துறவு போக விரும்பினால் அவளோடு ஏதாவது அனுப்பத்தான் வேண்டும். பாதி அடுப்பின் வருமானம் அதற்குத் தோதாக இருக்கும். விரும்பாவிட்டால் அந்த அடுப்பே அவள் சீதனம்.

இத்தனை யோசனையிலும் கேட்கப்படாத ஒரு கூட்டம் இருக்கிறது: அந்தக் கிராமத்தில் இருப்பவர்கள். அரபு பேசும் முஸ்லிம்களோ சிரியக் கிறிஸ்தவர்களோ. நிலம் கைமாறும்போது அவர்களும் சேர்ந்து கைமாறினார்கள். சில பட்டயங்களில் குடும்பத் தலைவர்களின் பெயர்களே வரிசையாக இருக்கும். விளைச்சல் பங்கை வசூலித்துக் கொடுப்பது ரயீஸ் என்ற ஊர்த்தலைவர் பொறுப்பு. 1184இல் திப்னினிலிருந்து அக்கோவுக்குப் பயணம் செய்த முஸ்லிம் யாத்திரிகர் இப்னு ஜுபைர், விளைச்சலில் பாதியும் தலைக்கு ஒரு தினாரும் ஐந்து கீராத்தும் (தினாரின் சில்லறை) கொடுத்துவிட்டால் அங்கிருந்த முஸ்லிம் குடிகளை வேறு தொல்லை செய்வதில்லை என்று கொஞ்சம் வருத்தத்தோடே எழுதினார். மடம் மாறினால் இவர்களுக்கு என்ன மாறும்? தன் பிள்ளைக்குச் சேர்க்க வேண்டிய அவசரம் மடத்துக்கு இல்லை, அது நல்லது. ஆனால் கையில் கணக்குப் புத்தகம் இருக்கும். பிரபு மறந்துவிடும் பாக்கியை மடம் மறக்காது.

என்னைக் கேட்டால், நம் ஆள் மருத்துவமனைக்கே எழுதட்டும் என்பேன். ஆனால் கிராமத்தைச் சும்மா தூக்கிக் கொடுக்கக் கூடாது. சாகும்வரை அனுபவம் தனக்கும் மனைவிக்கும். அதன் பிறகு கோதுமை நோயாளிகளின் ரொட்டிக்கு மட்டும் என்று பட்டயத்திலேயே எழுத வேண்டும். மகனுக்கு ஒரு தொகை, சாட்சியாக அவன் பெயர், மேலே மன்னரின் முத்திரை. இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1176இல் மருத்துவமனையின் தலைவர் ஜோபெர்ட், சாந்த மரியா, கபேர் என்ற இரண்டு கிராமங்களை நோயாளிகளின் வெள்ளை ரொட்டிக்கென்றே ஒதுக்கினார். எகிப்துக் கடனுக்குப் பிறகு உள்ளே இருந்தவர்களுக்கே அந்தப் பயம் இருந்திருக்கிறது என்றுதான் இதை நான் படிக்கிறேன். திருக்கல்லறை நல்ல நிலக்கிழார் என்பதை மறுக்கவில்லை. ஊரை எழுப்பத் தெரிந்தவர்கள். ஆனால் ஏற்கெனவே குடிகள் இருக்கிற ஒரு சின்னக் கிராமத்தை வைத்து அவர்கள் புதிதாக எதுவும் செய்யப்போவதில்லை.

பதினைந்து வருஷத்தில் எல்லாக் கணக்கும் தலைகீழாகப் போனது வேறு விஷயம். 1187 ஜூலை 4 ஹத்தீன் போரில் சலாவுதீனிடம் தோல்வி, அக்டோபர் 2 ஜெருசலேம் சரண். ஆணுக்கு 10, பெண்ணுக்கு 5 பொற்காசு கட்டினால் வெளியேறலாம். ஏழைகளுக்காக மருத்துவமனையில் இருந்த இங்கிலாந்து மன்னரின் பணத்திலிருந்து 30,000 பெஸன்ட் கட்டப்பட்டு 7000 பேர் வரை மீட்கப்பட்டார்கள். மீதி ஆயிரக்கணக்கானோர் அடிமைகளானார்கள். அன்றைய பிதாப்பிதா ஹெராக்ளியஸ் தனக்கு 10 கட்டிவிட்டு, தேவாலயப் பொக்கிஷங்களோடு நகரை விட்டுப் போனார். அதே சமயம் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள மருத்துவமனைச் சகோதரர்கள் பத்துப் பேர் ஒரு வருஷம் தங்கலாம் என்று சலாவுதீன் அனுமதித்தார்.

யார் எதைக் கொடுத்தார்கள் என்ற பதிவுகளின் கதையும் அப்படித்தான். டெம்ப்ளர்களின் கிழக்குப் பட்டயங்கள் மொத்தமாகத் தொலைந்தன. மருத்துவமனையினுடையவை ரோட்ஸ் தீவு வழியாக மால்டா போய்ச் சேர்ந்தன. திருக்கல்லறையின் பட்டயத் தொகுப்பு வத்திக்கானில். யோசபாத்து மடத்துப் பட்டயங்கள், அந்தச் சிசிலி நிலங்களின் புண்ணியத்தில், பலெர்மோவில் பத்திரமாக இருக்கின்றன. பெயர் நிலைக்க வேண்டும் என்பது மட்டுமே ஆசையாக இருந்தால் அங்கே கொடுத்திருக்கலாம்.

பாதி அடுப்பு? அக்டோபர் 3ஆம் தேதி காலையிலும் நகரத்தில் யாராவது பிசைந்த மாவோடு அதன் முன்னால் நின்றிருப்பார்கள். கட்டணம் வேறொருவர் கைக்குப் போயிருக்கும்.